வலது பின்சக்கரத்துப் போல்ட்

அண்ணா,

நேற்று மத்தியானம் ஸ்கூல் லேபில் ஒரு பெண் அசிட்டோன் பாட்டிலைத் தட்டிவிட்டாள். பாட்டில் உடையவில்லை. மூடி சரியாக இறுகாமல் இருந்ததால் மேசை முழுவதும் பரவியது. பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "நெயில் பாலிஷ் வாசனை மிஸ்" என்றாள் ஒருத்தி. ஜன்னல்களைத் திறக்கச் சொல்லிவிட்டுத் துணியை எடுத்துக்கொண்டு குனிந்தேன். குனிந்தவள் நிமிரக் கொஞ்ச நேரமாயிற்று.

எனக்கு அது நெயில் பாலிஷ் வாசனை இல்லை. மேலூர் ரோட்டு வீட்டின் கொல்லையில் தகரக் கொட்டகைக்குக் கீழே நீ மல்லாந்து படுத்திருக்கிறாய். உன் கால்கள் மட்டும் காருக்கு வெளியே தெரிகின்றன. ஆடிக் காற்று தகரத்தைத் தடதடவென்று அடிக்கிறது. அந்த நாட்களின் வாசனை அது. உன் வருஷாப்திகம், முதல் வருஷத் திதி, வரப்போகிறது. அதற்குள் உனக்கு ஒன்று சொல்லியாக வேண்டும் என்று நேற்றுதான் தோன்றியது.

அந்தக் காரை நீ வாங்கியபோது ஸ்ரீரங்கத்தில் எல்லாரும் சிரித்தார்கள். சென்னையில் கடலோரத்தில் யாரோ வைத்திருந்த பழைய வெளிநாட்டுக் கார். நம் தெருவில் திரும்பவே திண்டாடியது. "எதுக்குடா இந்த யானை?" என்று அப்பா கேட்டார். நீ ஒரு பொத்தானை அழுத்தினாய். பின்பக்கம் மெல்லத் தணிந்து தரையைப் பார்த்து உட்கார்ந்தது. ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்று அடைத்த ரப்பர்ப் பைகள்மேல் நிற்கிற வண்டி அது. காற்றை விட்டால் தணியும், ஏற்றினால் உயரும். அம்மா புடவையை ஒதுக்கிக்கொண்டு ஊஞ்சலில் உட்காருகிற மாதிரி உள்ளே உட்கார்ந்தாள். அப்பா வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். தமக்குப் பிறகு கோயிலில் பிரபந்த கோஷ்டியில் சேவிக்க வேண்டிய பிள்ளை மஸ்கட்டில் ஒரு கார்ப் பட்டறையில் சூப்பர்வைசராகப் போனதை அவர் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை.

கல்யாணம் செய்துகொள்ளாமல் அம்மா அப்பாவோடு இருந்துவிட்டவள் நான். கல்யாணம் செய்துகொள்ளாமல் மஸ்கட்டில் இருந்துவிட்டவன் நீ. வண்டி என் பொறுப்பில் நின்றது. அப்பா ஆசார்யன் திருவடி அடைந்தபோது நீ வரவில்லை. "லீவு கிடைக்கலைடி" என்று போனில் இரண்டு வார்த்தை சொல்லி வைத்துவிட்டாய். சித்தப்பா பிள்ளைதான் எல்லாம் செய்தான். அம்மா அழுததைவிட உன்மேல் கோபப்பட்டதுதான் அதிகம். "அப்பாவோட இருந்த வீம்பை, அவர் போனப்புறமும் விடலை பாரு" என்றாள். அதற்குப் பிறகு உன் போனை அவள் எடுக்கவே இல்லை.

மறு வருஷம் அம்மா விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷனுக்குப் பின் ஆட்டோவில் ஏற முடியாது, சாதாரணக் காரிலும் ஏற முடியாது. உன் யானை மட்டும் மண்டி போட்டு அவளை ஏற்றிக்கொண்டது. சனிக்கிழமைகளில் கோபுரம் தெரிகிற இடத்தில் நிறுத்துவேன். அவள் உள்ளிருந்தே சேவித்துக்கொள்வாள். பிறகு ஒரு நாள் காலையில் பார்த்தால் கார் பின்பக்கம் தரையோடு படுத்துக் கிடந்தது. காற்றுப் பைகள் வெடிப்பு விட்டுவிட்டன. எடமலைப்பட்டி புதூரிலிருந்து வந்த மெக்கானிக் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"பையை எடுத்துட்டு சாதா ஸ்பிரிங் போட்டுடலாம்ங்க. ஆனா கீழே போல்ட்டெல்லாம் உப்புக் காத்துல துருவேறி இறுகிக் கெடக்குங்க. கழட்டுறப்ப உடைஞ்சா நான் பொறுப்பில்லீங்க."

அன்றிலிருந்து அம்மா வாசலைத் தாண்டவில்லை. உனக்கு எழுதினேன். ஆனியில் லீவு போட்டுக்கொண்டு பெட்டியில் இரண்டு ஸ்பிரிங்குகளோடு வந்து இறங்கினாய்.

நீ உள்ளே வந்து விழுந்து சேவித்தபோது அம்மா உன் தலைக்குமேல் சுவரைப் பார்த்தாள். சாப்பிட உட்கார்ந்தால் எதிரே நீ இருக்கும்போதே என்னிடம் கேட்பாள்.

"வேதா, அவனுக்குச் சாத்தமுது வேணுமா கேளு."

"போதும்னு சொல்லு வேதா" என்பாய், தலை நிமிராமல்.

இரண்டு பேருக்கும் நடுவில் ரசக் கரண்டியோடு நான் நின்றேன்.

"ஒரு நாள் வேலைடி. ரெண்டு பக்கமும் சக்கரத்தைத் தாங்கற கீழ்க் கையை இறக்கணும், பையை எடுக்கணும், ஸ்பிரிங்கை வைக்கணும். அவ்வளவுதான்" என்றாய். ஆடிப் பதினெட்டுக்குள் அம்மாவைக் காவிரிக்கு அழைத்துப்போக வேண்டும் என்பது உன் கணக்கு. மேட்டூரில் திறந்த தண்ணீர் வந்துவிட்டது என்று பால்காரர் சொன்னதிலிருந்து அம்மா ஜன்னலோரமாக நாற்காலியைப் போடச் சொன்னதை நீ கவனித்திருக்கிறாய். அங்கிருந்து காவிரி தெரியாது. இருந்தாலும் அந்தத் திசையைப் பார்த்து உட்கார்ந்தாள்.

இடதுபக்கம் நீ சொன்னபடியே மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்தது. வலதுபக்கத்தில்தான் அந்தப் போல்ட். நட்டு கழன்றுவிட்டது. போல்ட் வரவில்லை. ஸ்பேனரைப் போட்டு இழுத்தால் கொஞ்சம் திரும்பும், விட்டால் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். எனக்குப் புரியவில்லை.

"திரும்பறதே, அப்புறம் ஏன் வரலை?"

"போல்ட் திரும்பலைடி. உள்ளே ஒரு இரும்புக் குழாய் இருக்கு, அதைச் சுத்தி ரப்பர். போல்ட்டும் குழாயும் துருவில ஒண்ணாயிடுத்து. நான் இழுத்தா ரப்பர்தான் முறுக்கிக்கறது. விட்டா திரும்பிடறது."

எண்ணெய் விட்டு ஊறவைத்தாய். மறுநாள் சுத்தியலால் தட்டினாய். அதற்கும் மறுநாள் ஸ்பேனரின் பிடியில் ஒரு நீளக் குழாயைச் செருகி, காலைக் கொடுத்து இழுத்தாய். நான் கெமிஸ்ட்ரி டீச்சர் அல்லவா, அசிட்டோனும் கியர் எண்ணெயும் பாதிக்குப் பாதி கலந்து விட்டால் துருவுக்குள் இறங்கும் என்று எங்கேயோ படித்ததைச் சொன்னேன். "உன் கெமிஸ்ட்ரியையும் பார்த்துடலாம்" என்று சிரித்தாய். ஒரு பழைய இங்க் ஃபில்லரில் எடுத்துச் சொட்டுச் சொட்டாக விட்டோம். கொல்லை முழுக்க அந்த வாசனை. அம்மா உள்ளிருந்து, "என்னடி அது, ஆஸ்பத்திரி மாதிரி நாத்தம்?" என்று குரல் கொடுத்தாள். அதுவும் என்னைப் பார்த்துத்தான்.

ஆனி போய் ஆடி பிறந்தது. போல்ட் அசையவில்லை. எனக்கு உள்ளுக்குள் எரிச்சல்கூட வந்தது. லீவு முழுவதும் இந்த இரும்போடு போகிறதே, அம்மாவோடு உட்கார்ந்து நாலு வார்த்தை பேசக் கூடாதா என்று நினைத்தேன். இப்போது யோசித்தால், சின்ன வயசுக்குப் பிறகு நாம் இருவரும் தொடர்ந்து பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது அந்த நாட்களில் மட்டும்தான். ஸ்கூலிலிருந்து வந்ததும் புடவையை மாற்றிக்கொண்டு கொல்லைக்கு ஓடிவருவேன். நீ பட்டறையில் உன்னோடு வேலை பார்க்கிற பட்டாணியர்களைப் பற்றிச் சொல்வாய், உன் அறையில் இருக்கிற மலையாளத்துக்காரர் ஏகாதசிக்கு உனக்காகத் தனியாகக் கஞ்சி வைத்ததைச் சொல்வாய். நான் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பேன். அப்பாவைப் பற்றி மட்டும் நாம் பேசவில்லை.

ஒரு சாயங்காலம் நீ ஸ்பேனர்க் குழாயைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாய். நடுவில் நிறுத்தினாய். கை வழுக்குகிறது என்று நினைத்தேன். நீ நகர்ந்து வந்து சக்கரம் கழற்றிய இடத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாய். முகத்தில் வியர்வை ஊற்றாகக் கொட்டியது. ஒரு கை நெஞ்சில். இன்னொரு கை சட்டைப்பையைத் துழாவி ஒரு சின்ன மாத்திரையை எடுத்து நாக்குக்கு அடியில் வைத்தது. எவ்வளவு பழக்கமான கை அசைவு! யோசிக்காமல், பார்க்காமல் செய்தாய்.

"அண்ணா, அது என்ன மாத்திரை?"

"ஒண்ணுமில்லை. வாயு."

"வாயுவுக்கு யாரும் நாக்குக்கடியில வெச்சுக்க மாட்டா."

நீ கண்ணை மூடிக்கொண்டாய். மூச்சு சீராகும்வரை நான் காத்திருந்தேன். டாக்டரிடம் போகலாம் என்று எழுந்தவளைக் கையைப் பிடித்து உட்காரவைத்தாய்.

"அப்பா போன அன்னிக்கு நீ போன் பண்ணினியே, அப்போ நான் எங்கே இருந்தேன் தெரியுமா? ஆஸ்பத்திரியில. நெஞ்சில ஒயரெல்லாம் ஒட்டியிருந்தா. முதல் நாள்தான் அட்டாக் வந்து ஸ்டென்ட் வெச்சிருந்தா. நர்ஸ் போனைக் கொடுக்கவே மாட்டேன்னா. ஊர்லேருந்து தங்கைன்னு கெஞ்சி வாங்கினேன். நீ அழுதுண்டே சொல்றே. நான் என்னடி சொல்லுவேன்? லீவு கிடைக்கலைன்னு வாயில வந்தது. சொல்லிட்டேன்."

தகரம் தடதடத்துக்கொண்டே இருந்தது.

"அப்புறமாவது சொல்லியிருக்கலாமே அண்ணா. இத்தனை நாள் அம்மா உன்னை..."

"கோபமா இருக்கா. இருக்கட்டும். ஆம்படையான் போன துக்கத்தோட பிள்ளையும் போயிடுவானோன்னு ஒரு பயம் வேணுமா அவளுக்கு? கோபம்னா சாப்பிடுவா, தூங்குவா. பயம்னா தூங்க மாட்டா. நீ சொல்லக் கூடாது. பெருமாள் மேல சத்தியம் பண்ணு."

சத்தியம் பண்ணினேன். மறுநாள் காலையில் உன்னை வலுக்கட்டாயமாக டாக்டரிடம் அழைத்துப்போனேன். அவர் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு, மாத்திரையைத் தவறவிடாதீர்கள், கனமாக எதையும் தூக்காதீர்கள், இழுக்காதீர்கள் என்றார். திரும்பி வரும்போது ஆட்டோவில் நீ என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அப்போ போல்ட்?" என்றாய். "நான் இழுக்கறேன். நீ உட்கார்ந்து சொல்லு" என்றேன்.

அப்படித்தான் மீதி வேலை நடந்தது. கொட்டகையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் நீ. காருக்குக் கீழே நான். இழுத்துப் பயனில்லை, அறுத்துவிடலாம் என்று நீ முடிவு செய்தாய். ரப்பருக்கும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவில் இரும்பறுக்கிற பிளேடு நுழைகிற அளவுக்குத்தான் இடைவெளி. வெறும் பிளேடுக்குத் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு அறுத்தேன். நல்ல போல்ட், லேசில் விடவில்லை. பிளேடு பிளேடாகத் தேய்ந்தது. துருத்தூள் கண்ணில் விழும் என்று உன் கண்ணாடியை எனக்கு மாட்டிவிட்டாய். எனக்குப் பாதி தெரியும், பாதி தெரியாது.

அப்போதுதான் நீ அப்பாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தாய். நாற்காலியிலிருந்து, என் காலைப் பார்த்துக்கொண்டு. நான் காருக்குக் கீழே இருந்ததால்தான் உனக்குச் சொல்ல முடிந்தது என்று நினைக்கிறேன். ஒவ்வொரு லீவிலும் அப்பாவோடு ஒரு தடவை உட்கார்ந்து பேசிவிட வேண்டும் என்று விமானத்திலேயே வார்த்தைகளைக் கோத்துக்கொண்டு வருவாயாம். அவர் விடியற்காலையில் கோயிலுக்குக் கிளம்புகிற சத்தம் கேட்கும்போது எழுந்து வாசல்வரை வந்து நிற்பாயாம். அவர், "தூங்கலையா?" என்பாராம். நீ, "இல்லை" என்பாயாம். அவர் போய்விடுவாராம்.

"ஒரு தடவை மட்டும், 'வண்டி நன்னா இருக்குடா'ன்னார். நான் கிளம்பற அன்னிக்கு. பெட்டியை ஆட்டோவில வெச்சுட்டுத் திரும்பறேன், வாசல்லேருந்து சொல்றார். அது போதும்டி எனக்கு."

பிளேடை நிறுத்தினேன். "நீ அறு, நீ அறு" என்றாய்.

போல்ட்டின் தலை ஒரு மத்தியானம் 'டங்' என்று தரையில் விழுந்தது. இன்னொரு பக்கத்தையும் அறுத்து முடித்தபோது என் உள்ளங்கை தோல் உரிந்திருந்தது. மன்னார்புரத்தில் போல்ட் கடையில் அதே பலமுள்ள புதுப் போல்ட்டை நீயே பார்த்துப் பார்த்து எடுத்தாய். போல்ட்டோடு ஒட்டிப்போன ரப்பருக்குப் பதிலாகப் புது ரப்பர் புஷ் சென்னையிலிருந்து கூரியரில் வந்தது. ஸ்பிரிங்கை உட்காரவைத்து, ஜாக்கியை மெல்ல இறக்கி, வண்டியின் முழு எடையும் சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் கடைசி முறுக்கு முறுக்க வேண்டும் என்றாய். தொங்கும்போது முறுக்கினால் ரப்பர் ஓட ஓடக் கிழிந்துவிடுமாம். முறுக்கினேன். கார் நிமிர்ந்து நின்றது. காற்றுப் பைகள் எங்கே என்று கேட்டு டாஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு விடாமல் எரிந்தது. "அது எரிஞ்சுண்டே இருக்கும், நீ கண்டுக்காதே" என்றாய்.

பதினெட்டன்று கூட்டம் தாங்காது என்று மறுநாள் கிளம்பினோம். ஸ்பிரிங் போட்ட வண்டி இனிமேல் மண்டி போடாது என்பதை அம்மா வாசலுக்கு வந்த பிறகுதான் புரிந்துகொண்டாள். சீட் உயரத்தில் இருந்தது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றவள் சீட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எப்படிடி ஏறுவேன்? அவனைத் தூக்கச் சொல்லு."

நீ அப்போதே வந்துவிட்டாய். இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு ஓரடி முன்னால் வைத்தாய். நான் நடுவில் புகுந்தேன். "நான் தூக்கறேம்மா" என்று அவள் தோளுக்கும் முழங்காலுக்கும் கீழே கையைக் கொடுத்துத் தூக்கி உட்காரவைத்தேன். அவ்வளவு கனமில்லை. அம்மா உன்னைப் பார்த்தாள். நீ கைகளை மெல்ல இறக்கி, வேஷ்டியில் துடைத்துக்கொண்டே டிரைவர் சீட்டுப் பக்கம் போய்விட்டாய். அவள் முகம் சுருங்கியது எனக்குத் தெரிந்தது. என்ன செய்ய? சத்தியம் பண்ணியிருந்தேன்.

பாலத்தில் ஏறி, கரூர் ரோட்டில் திரும்பினாய். வலதுபக்கம் காவிரி. மண் நிறத்தில், கரைக்குக் கரை, மரக்கிளைகளையும் நேற்றைய பூமாலைகளையும் தள்ளிக்கொண்டு போயிற்று. அம்மா கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தாள். பழைய மாதிரி மெத்தென்று போகவில்லை வண்டி. ஒவ்வொரு பள்ளத்தையும் சொல்லிவிட்டுத்தான் தாண்டியது. நீ இன்னும் மெதுவாக ஓட்டினாய்.

ஒரு இடத்தில் தண்ணீர் ரோட்டை ஒட்டி வந்தது. அம்மா நேராக உன் பிடரியைப் பார்த்துச் சொன்னாள்.

"கண்ணாடியை இறக்குடா."

நீ உடனே இறக்கவில்லை. பின்பக்கம் பார்க்கிற சின்னக் கண்ணாடியில் உன் கண்ணைப் பார்த்தேன். பிறகு பொத்தானைத் தேடினாய். முதலில் என் பக்கத்துக் கண்ணாடி இறங்கியது, அப்புறம் அவளுடையது. காற்று உள்ளே வந்தது. அம்மா கையை வெளியே நீட்டி வைத்துக்கொண்டாள். "புதுத் தண்ணி வாசனைடா" என்றாள். "ஆமாம்மா" என்றாய். அன்றைக்கு நீங்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான். அது போதுமாக இருந்தது.

நீ மஸ்கட் திரும்பிய பிறகு அம்மா உன் போனை எடுத்தாள். "சாப்டியாடா?" என்பாள். நீ அங்கே என்ன சொல்வாயோ, சிரித்துக்கொள்வாள். மார்கழியில் ஒரு காலை, கோயிலிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது உன் அறைக்காரர் கூப்பிட்டார். "சேச்சி" என்றவர் மேலே பேச முடியாமல் அழுதார். தூக்கத்திலேயே போய்விட்டாய் என்று சொல்லி முடிக்க அவருக்கு நேரமாயிற்று. திருச்சி ஏர்போர்ட்டில் சரக்கு வருகிற வாசலில் உன்னை வாங்கிக்கொண்டோம். இந்தத் தடவையும் சித்தப்பா பிள்ளைதான் எல்லாம் செய்தான்.

பதின்மூன்றாம் நாள் சுபஸ்வீகாரம் முடிந்து எல்லாரும் போனபின், அம்மா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"வேதா, நான் சபிச்சுட்டேனோடி? அப்பாவுக்குக் கொள்ளி வைக்க வரலையேன்னு மனசுக்குள்ள எத்தனை நாள் அவனை வைதிருப்பேன். அதான் பலிச்சுடுத்தோ?"

இதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும் அண்ணா. உன் சத்தியத்தை அப்போதே உடைத்துவிட்டேன். ஆஸ்பத்திரி, ஒயர், ஸ்டென்ட், நாக்குக்கடியில் வைத்த மாத்திரை எல்லாம் சொன்னேன். வரவில்லையே என்று அவள் வைதுகொண்டிருந்த பிள்ளை அன்றைக்கு எழுந்து உட்காரக்கூட முடியாமல் கிடந்தான் என்று சொன்னேன். அம்மா அழவில்லை. புடவைத் தலைப்பை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"அதான் அன்னிக்கு நீ தூக்கினியா?"

"ஆமாம்மா."

"அவன் கையை நீட்டினான். நான் பார்த்தேன்." தலைப்பை விட்டுவிட்டு, "ஒரு தடவை தூக்கியிருப்பான்டி" என்றாள்.

நான் செய்தது சரிதான். டாக்டரைக் கேட்டாலும் சரி என்பார், நீயும் சரி என்பாய். அம்மாவும் என்னைக் குறை சொல்லவில்லை. அதற்கப்புறம் அந்தப் பேச்சை அவள் எடுத்ததே இல்லை. சனிக்கிழமைகளில் இன்னும் போகிறோம். வாசலில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். நான் குனிந்து தூக்குவேன். அவள் என் கழுத்தில் கையைப் போட்டுக்கொண்டு, என் தோளுக்குப் பின்னால் ஓரடி தள்ளி ஓர் இடத்தையே பார்ப்பாள். அங்கே யாரும் இல்லை என்று எனக்குத் தெரியும். நான் திரும்பிப் பார்ப்பதில்லை. நீட்டிய இரண்டு கைகளை நீ மெல்லக் கீழே இறக்கினாயே அண்ணா, அதை மட்டும் என்னால் எங்கேயும் இறக்கிவைக்க முடியவில்லை.

வேதா